அடி தாங்கும் அகராதி

நல்ல ஆங்கில அகராதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்டால், முதலில் அதைச் சுவரில் எறிந்து பார் என்றுதான் சொல்வேன். கடைக்காரர் விடமாட்டார். அதனால் எறியாமலேயே தெரிந்துகொள்ள எனக்கென்று சில வழிகள் வைத்திருக்கிறேன். அட்டையின் முதுகைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தாள்களை நூல் போட்டுத் தைத்திருக்கிறார்களா, வெறும் பசையில் ஒட்டிவிட்டார்களா என்று அங்கே தெரிந்துவிடும். ஒட்டியது ஒரே எறியில் இரண்டாகப் பிளக்கும். தைத்தது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அட்டையின் முனை கூராக இருக்கவே கூடாது. ஏன் என்று என் இடது புருவத்தைப் பார்த்தால் தெரியும்.

கைப்பேசியில் எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் வருகிற காலத்தில் இந்தக் காகித மூட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடம் கைப்பேசி தங்காது. என் கணவன் ஒன்றைச் சுவரில் அடித்தான். ஒன்றைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். இன்னொன்றைத் தரையில் வைத்து, என்னை நின்று பார்க்கச் சொல்லி, அதன்மேல் லோரியை ஏற்றினான். எவனோடு பேசுகிறாய் என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேள்வி. அகராதியில் யாரோடும் பேச முடியாது. அதனால் அகராதியை விட்டுவைப்பான் என்று நினைத்தேன். கணவனை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று யாராவது சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு மனம் வரவில்லை.

நான் மலாக்கா டவுனில் வயதானவர்களைப் பராமரிக்கும் தனியார் இல்லத்தில் வேலை செய்கிறேன். அப்போது எங்கள் வீடு மெர்லிமாவுக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், இருந்தது. அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். நான் மோட்டார் சைக்கிளில் உம்பாய் வழியாக டவுனுக்குப் போய்வந்தேன். இல்லத்தில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அம்மா சாப்பிட்டாரா, அப்பா விழுந்தாரா என்று அவர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். உடம்பில் சின்ன அடையாளம் ஒன்று தெரிந்தாலும் எழுதியாக வேண்டும். எங்கே இருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு பெரியது, எப்படி வந்தது, எல்லாம் வேண்டும். எழுதாமல் விட்டால் நம்மைத்தான் சந்தேகப்படுவார்கள்.

ஒரு பாட்டியின் முழங்கையில் கட்டைவிரல் அளவுக்குக் கன்றியிருந்தால் மகன் ஒரு நாட்டிலிருந்தும் மகள் ஒரு நாட்டிலிருந்தும் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். அதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் சட்டைக் கைக்குள் அதைவிடப் பெரியதாக இரண்டு மூன்று இருக்கும். அதற்குப் பதற யாரும் இல்லை. எனக்கு அந்தப் பாட்டிமேல் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

இல்லத்தின் முதலாளி ஒரு சீன அம்மாள். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். தலைமைப் பராமரிப்பாளர் வேலை காலியானபோது என்னைக் கூப்பிட்டு, "ஆளுங்களப் பாத்துக்குற கை உனக்கு நல்லா இருக்கு. எழுதுறதுதான் சுசா, கஷ்டம். நான் ஒரு டெஸ்ட் வைப்பேன். நீயே உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் எழுதணும். தப்பு இருந்தா பரவாயில்ல, படிக்கிறவங்களுக்குப் புரியணும்லா" என்றார். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். அந்த வேலையோடு இல்லத்தின் பின்கட்டில் ஓர் அறையும் உண்டு. என்னை அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மேசை. கதவின் உட்புறத்தில் தடித்த தாழ்ப்பாள். நான் கட்டிலைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த அறை கிடைத்தால் உயிரோடு இருப்பேன், கிடைக்காவிட்டால் இருக்கமாட்டேன் என்று அன்றைக்கே தெளிவாகத் தெரிந்தது.

வேறு எங்கேயாவது போயிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அம்மா அப்பா இல்லை. ஜொகூரில் இருந்த அண்ணன், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடினான். ஒருதடவை போலீஸில் புகார் கொடுத்தேன். மறுநாள் அவனுடைய மாமாவும் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்களும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, குடும்ப விஷயத்தை ரோட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். புகாரை மீட்டுக்கொண்டேன். அவர்கள் குடித்த கோப்பைகளை நான் கழுவி முடிப்பதற்குள் அடி விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா நல்லவள்தான். அடி சத்தம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். அடுத்த வீட்டிலும் கூட்டுவார்கள். இப்படியே லயம் முழுவதும் நாடகம் அலறும்.

முதல் அகராதியை மெர்லிமாவில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். ஆங்கிலத்துக்குத் தமிழ் அர்த்தம் போட்டது. கையடக்கமாக, கைப்பைக்குள் வைக்க வசதியாக இருந்தது. எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. இரண்டு கண்ணும் திறந்திருக்கிறவர்களுக்குச் சரி. ஒரு கண் வீங்கி மூடியிருந்தால் ஒரு வரி படிப்பதற்குள் தலை சுற்றும். அடியைப் பற்றி, புண்ணைப் பற்றி எந்தச் சொல்லைத் தேடினாலும் 'காயம்' என்று ஒரே வார்த்தையைப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். சிராய்த்ததும் காயம், கிழிந்ததும் காயம், கன்றியதும் காயம். இப்படி எழுதினால் ஆஸ்திரேலியாக்காரன் என்ன புரிந்துகொள்வான்.

அடுப்படியில் சோறு வேகும் நேரத்தில் அதை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னாடி, இந்த வயசுல ஸ்கூலு போகப்போறியா?"

"வேலைக்கு வேணும்."

"கிழவனுக்குக் கழுவி விடுறதுக்கு இங்கிலீஷு எதுக்கு? எவனுக்கு எழுதுற?"

"எவனுக்கும் இல்ல. டெஸ்ட் இருக்கு."

"துரைசாணி ஆகப்போறியோ?"

ஆங்கிலம் என்றால் அவனுக்கு, தோட்டத்து மேனேஜர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து ஏசிய மொழி. அதற்கு மேனேஜரை அடித்திருக்க வேண்டும். மேனேஜர் வீட்டில் நாய் இருந்தது, என் வீட்டில் நான்தான் இருந்தேன். அகராதியைப் பிடுங்கி முதுகுப் பக்கம் மடக்கினான். பசை விட்டு அது இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியால் என் வாயில் அடித்தான், இன்னொரு பாதியை அடுப்பில் வைத்தான். சோற்றுப் பானையும் கவிழ்ந்தது. கொதிக்கிற கஞ்சி என் பாதத்தில் கொட்டியது. தோல் உரிந்த இடத்துக்கு என்ன சொல் என்று தெரிந்துகொள்ள எனக்கு அகராதி இல்லை.

இரண்டாவது அகராதியைக் கெட்டி அட்டையாகப் பார்த்து வாங்கினேன். பிளக்காது, மடக்க முடியாது என்பதே என் எண்ணமாக இருந்தது. அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். மடக்க முடியாததை எறிவார்கள். முன்னறையில் நின்று எறிந்தான். அடுப்படி வாசலில் நின்ற என் புருவத்தில் அட்டையின் முனை பட்டது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கீழே விழுந்தவளின் முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி சுவரில் இடித்தான். கிளினிக்கில் தையல் போட்ட டாக்டரிடம் அலமாரிக் கதவு இடித்தது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கூட வந்து நின்ற அவனைப் பார்த்தார், நூலை அறுத்தார். அகராதிக்கு ஒரு கீறலும் இல்லை. மறுநாள் அவனே அதைக் காய்ந்த செம்பனை மட்டைகளோடு போட்டு எரித்தான்.

இல்லத்திலேயே வைத்துப் படிக்கக் கூடாதா என்றால், அங்கே உட்கார நேரம் கிடையாது. ஒருவரைக் குளிப்பாட்டி முடிந்தால் இன்னொருவருக்குச் சோறு ஊட்ட வேண்டும். படிப்பதென்றால் வீட்டில்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் அடி உறுதி. அது தெரிந்தேதான் மூன்றாவதை வாங்கப் போனேன். எனக்கும் பிடிவாதம் உண்டு.

டவுனில் ஒரு பழைய தெருவில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையை ஒட்டி ஒரு பாய் கடை இருக்கிறது. பள்ளிப் புத்தகம், காலண்டர், பேனா, வாழ்த்து அட்டை எல்லாம் வைத்திருப்பார். தலைமுறையாக மலாக்காவில் இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம்.

"என்னம்மா வேணும்?"

"இங்கிலீஷ் டிக்‌ஷனரி பாய். தினப்படி உபயோகத்துக்கு."

"பிள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

ஆறேழு அகராதிகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். நான் ஒவ்வொன்றையும் எடுத்து முதுகைப் பிரித்தேன். அட்டையை வளைத்தேன். ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு உதறினேன். முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தாளை இழுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் படித்தேன்.

"என்னம்மா, பசார்ல மீன் வாங்குற மாதிரி செவுளப் பிரிச்சிப் பாக்குற?" என்று பாய் சிரித்தார்.

"கெட்டுப்போனத வாங்கிட்டா யாரு பாய் திரும்ப எடுப்பா?"

அவருக்கு வியாபாரம் ஆகும் என்று நம்பிக்கை வந்துவிட்டது. உள்ளே போய்ப் பெரிய அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுத்த நீலத்தில் கெட்டி அட்டை. உள்ளே எழுத்து பெரியது, தாள் வெண்ணெய் போல. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் எழுதிக் காட்டியிருந்தது. விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் அப்படியே கிடந்தது. எனக்கு அதை விட மனமில்லை. ஆனால் கட்டைவிரல் அதன் முனைக்குப் போனது. அழுத்தினால் வலித்தது.

"இது வேணாம் பாய். மூலை கூரா இருக்கு."

"மூலையா? படிக்கிறதுக்கு மூலை என்னா பண்ணும்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். புருவத்துத் தையல் தடம் அப்போது ஆறாமல் இருந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டார். பெரியதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வளைகிற அட்டை போட்டதாக இரண்டு எடுத்துவந்தார். முனைகள் உருண்டையாக வெட்டியிருந்தன. இரண்டும் நூல் போட்டுத் தைத்தவை.

இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒரு வழி வைத்திருந்தேன். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து அதில் தேடிப் பார்க்க வேண்டும். தெரியாத சொல்லைத் தேடினால் அது சொல்வது உண்மையா பொய்யா என்று நமக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'ப்ரூஸ்'. மேசைமேல் இருந்த இரண்டில் ஒன்று அதற்கு அர்த்தம் சொல்ல இன்னும் கடினமான சொல் ஒன்றைக் காட்டி, அங்கே போ என்றது. மற்றது, அடி பட்டோ விழுந்தோ தோல் கிழியாமல் நிறம் மாறிய இடம், தொட்டால் வலிக்கும் என்று சாதாரண வார்த்தையில் சொன்னது. கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருந்தது. ஒருத்தி தன் கையிலிருந்த தடத்தை மறைக்க நீளக்கைச் சட்டை போட்டாள் என்று அதற்கு அர்த்தம். அதைப் படித்ததும் என் சட்டைக் கையைக் கீழே இழுத்துக்கொண்டேன். இதை எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று அதையே வாங்கினேன்.

அது நல்ல அகராதி. எறிந்தான், தாங்கியது. மழையில் வாசலில் போட்டான், வெயிலில் காயவைத்தேன், உப்பிப்போய் இன்னும் பெரிதானாலும் படிக்க முடிந்தது. கிழிக்கப் பார்த்தான், 'எஃப்' பகுதியில் சில தாள்களோடு கை அலுத்துவிட்டது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். வீக்கத்துக்கு ஒரு சொல், சிராய்ப்புக்கு ஒரு சொல், வெட்டுக்கு ஒரு சொல், தொட்டால் நோகிறதற்கு ஒரு சொல். வேறு யாருக்காவது இதெல்லாம் வெறும் பாடமாக இருக்கும். நான் சட்டையைத் தூக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் சம்சு குடித்துவிட்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் விலாவில் உதைத்தான். நான் பக்கவாட்டில் சாய்ந்தேன், அகராதி சறுக்கிப் பக்கத்தில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே ஓர் உதை. எலும்பு உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த உதைக்கு நான் காலை இழுத்துக்கொண்டதால் அவன் பாதம் அகராதியின்மேல் போய் விழுந்தது.

சட்டென்று நின்றான். போதையிலும் நின்றான். குனிந்து, வலது கைவிரல்களால் அகராதியைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். தொட்டதை மறுபடி ஒருமுறை தொட்டு ஒற்றினான். பிறகு அதை எடுத்துப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் வயிற்றில் உதைத்தான்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடும். புத்தகம் சரஸ்வதி. யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அவன் அந்த அகராதியைக் கையால் எறிந்தவன், கிழித்தவன், மழையில் போட்டவன். அதற்கு முந்தியதை எரித்தவன். அதெல்லாம் பாவம் இல்லையாம். கால் பட்டால் மட்டும் பாவம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் இந்தக் கால் என்மேல் படாத இடம் இல்லை, ஒருநாளாவது இவன் கை கண்ணுக்குப் போனதா? அதுவரை எனக்கு வந்ததெல்லாம் பயம். அன்றைக்குத்தான் கோபம் வந்தது. அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்க முடியாததால் அவன் தப்பித்தான்.

அதற்குப் பிறகு படிக்கும்போதெல்லாம் அகராதியை எனக்கு முன்னால் தரையில் வைத்துக்கொண்டேன். அவன் காலைத் தூக்கினால் கையால் அதைக் காலடிக்குத் தள்ளுவேன். கால் அந்தரத்தில் நின்றுவிடும்.

"அந்தப் புக்க எடுத்து மேல வைடி."

"படிச்சிக்கிட்டு இருக்கேன்."

"சாமிய கீழ வைக்கிற, நீ வெளங்குவியா?"

"நீங்க மிதிக்காம இருந்தா சாமிக்கு ஒன்னும் ஆவாது."

அதற்குக் கன்னத்தில் அறை விழும். கையடி வாங்கினேன். காலடி குறைந்தது. விலா ஆறியது, மோட்டார் ஓட்ட முடிந்தது.

மேடம் பரீட்சைக்கு ஒரு சனிக்கிழமை காலையைச் சொல்லியிருந்தார். நான் அவனிடம் மூச்சு விடவில்லை. முதல் நாள் எனக்கு லீவு, என்னிடம் கைப்பேசியும் இல்லாததால் மேடம் பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணுக்குக் கூப்பிட்டு, டெஸ்ட்டுக்கு வரும்போது மாற்று உடுப்பும் எடுத்துவரச் சொல், அன்றைக்கே அறையில் தங்கிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அந்தச் சந்தோஷத்தைப் பொத்திவைக்காமல், சனிக்கிழமை காலை வாசல் கூட்டும்போது வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்த அவனிடமே, "டவுனுக்கே குடி போறீங்களா தம்பி? சொல்லவே இல்ல" என்று கேட்டுவிட்டாள்.

நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன். அவன் பல் குச்சியை வாயிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். என் முடியைக் கையில் சுற்றி இழுத்து முகத்தைக் கதவுச் சட்டத்தில் இடித்தான். உதடு கிழிந்து பல்லில் சிக்கியது. "ரூமு பாத்து வச்சிட்டியா? எவன் கூட?" என்று கேட்டுக் கேட்டு இடித்தான். பதில் சொல்ல வாயில் இடமில்லை, ரத்தம்தான் இருந்தது. கையைப் பின்னால் முறுக்கினான். தோளில் ஏதோ பிசகியது. இந்த முறை நிறுத்தமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் டிவியின் சத்தம் கூடியது. கழுத்துக்கு வந்த அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது, யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. அவன் கத்திக்கொண்டு கையை விட்டான்.

முதல் நாளே எடுத்துவைத்திருந்த உடுப்புப் பையை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு, அகராதியைக் கையில் பிடித்தபடி ஓடினேன். மோட்டார் சாவி இடுப்பில் இருந்தது. மோட்டார் வாசலில் நின்றது. ஆனால் அந்தக் கிழட்டு வண்டி ஒரே உதையில் கிளம்பாது, இரண்டு மூன்று வேண்டும். அதற்குள் அவன் வந்துவிடுவான். வாசற்படியைத் தாண்டும்போது எனக்கு அது தோன்றியது. திரும்பினேன். அகராதியைப் படிமேல், கால் வைக்கிற இடத்தில், விரித்து வைத்தேன். எறியவில்லை, வைத்தேன். வைத்துவிட்டு மோட்டாரில் ஏறினேன்.

அவன் வெறுங்காலோடு ஓடிவந்தான். வந்த வேகத்தில் இரண்டு காலும் அதன்மேல்தான் விழுந்தன. தாள் கசங்குகிற சத்தம் கேட்டது. நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான், கீழே பார்த்தான். குனிந்தான்.

அவன் உச்சந்தலை எனக்குத் தெரிந்தது. சுழி தெரிந்தது. கையில் ஏதாவது இருந்திருந்தால் அந்தத் தலையில் போட்டிருப்பேன், அதை மறைக்கப் போவதில்லை. கையில் ஒன்றும் இல்லாததால் மோட்டாரை உதைத்தேன். அவன் விரலால் தொட்டான், மறுபடி உதைத்தேன். அவன் கண்ணில் ஒற்றினான், மோட்டார் கிளம்பியது. நான் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பும்போது அவன் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

உம்பாய் வரைக்கும் யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. ஒரு கையால்தான் ஓட்ட முடிந்தது. மீன் கடைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் என் சட்டையைப் பார்த்துக் கையசைத்து நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. டவுன் எல்லையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் அழுகை வந்தது. பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள், கிளம்பிவிட்டேன்.

மேடம் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், டெஸ்ட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டெஸ்ட் எழுதிவிட்டுப் போகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் போட்டு வீட்டுக்குப் போ என்று அனுப்பினால் எந்த வீட்டுக்குப் போவது? அறை என்னுடையது என்று தெரியாமல் நான் நகரப்போவதில்லை. மேடம் நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். இனிப்பாகப் பேசத் தெரியாத மனுஷி. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளிவைத்து, "சரி. ஒரு ஆள் விழுந்த கதைய ரெடி பண்ணி வச்சிருந்தேன். அது வேணாம். உன் மேல இருக்கிறத எழுது. எங்க, என்னா கலரு, எவ்வளவு பெரிசு, எப்படி வந்துச்சி. ஒன்னும் விடக் கூடாது லா" என்றார்.

எழுதினேன். மேலுதடு, கிழிந்தது, ரத்தம் வருகிறது. நெற்றி, வீக்கம். இடது தோள், தூக்க முடியவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே, பழையது, மஞ்சளும் பச்சையும். விலாவில், பழையது. புருவம், ஆறியது. அகராதி என்னிடம் இல்லை. ஒரு சொல்லுக்கும் நான் நிற்கவில்லை. 'எப்படி வந்தது' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. அலமாரிக் கதவு என்று எழுதக் கை பழகியிருந்தது. அப்படி எழுதவில்லை. என் கணவன் என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதையே எழுதினேன்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "புரியுது" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, காரை எடுத்தார். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ் நிலையம். இந்த முறை புகாரை மீட்கச் சொல்லி வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட நான் அந்த வீட்டில் இருக்கவில்லை. அவனுடைய மாமா என் அண்ணனைப் பிடித்தார், அண்ணன் இல்லத்துக்குக் கூப்பிட்டுப் பேசினான். ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். என் அருகே அவன் வரக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவும் வாங்கினோம். வராமல் இருக்கிறான். நாளைக்கு வரமாட்டான் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன். தாழ்ப்பாளைத் தினமும் போடுகிறேன்.

தோள் சரியானதும் பாய் கடைக்குப் போனேன்.

"வாம்மா. என்னா, அதுவும் போச்சா?"

"அது போகல பாய். வீட்டுல இருக்கு. நான்தான் வந்துட்டேன்."

அவர் வளைகிற அட்டை அகராதியை எடுக்கத் திரும்பினார்.

"அது வேணாம். அந்தப் பெரிசக் குடுங்க. நீலம்."

"மூலை கூரா இருக்கும்னு சொன்னியே?"

"இருந்துட்டுப் போகட்டும் பாய். இது படிக்கிறதுக்கு."

தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார். முதுகைப் பிரித்துப் பார்க்கவில்லை. உதறிப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணாலும் ஒரு பக்கத்தைப் படித்தேன். கனமாக இருந்தது, மார்போடு அணைத்துத்தான் தூக்கிவர முடிந்தது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அறைக்கு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அதைப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தேன். தண்ணீர் எடுக்க எழுந்தபோது என் கால் தெரியாமல் அதில் பட்டுவிட்டது. பழக்கம்தான், நானும் குனிந்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிரும்போது, முழங்காலுக்குக் கீழே அவன் உதைத்த இடம் கண்ணுக்கு நேரே இருந்தது. மஞ்சள் மங்கி, தடம் போயும் போகாமலும் தெரிந்தது. அதையும் விரலால் தொட்டேன். தொட்ட விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.